யார் கோலி நிற்பது?



மாலை வேளைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பது என் வழக்கம். ஒருநாள் அங்கே பத்துப் பன்னிரண்டு பையன்கள் கால்பந்து ஆடத் தயாரானார்கள். செருப்புகளை வைத்துக் கோல் கம்பம் ஆக்கியாயிற்று. அணி பிரித்தாயிற்று. ஆனால் ஆட்டம் மட்டும் தொடங்கவில்லை. “யார் கோலி நிக்கிறது?” என்று ஒரே தகராறு! கடைசியில் எல்லோரையும்விடச் சின்னப் பையனைப் பிடித்து நிறுத்தினார்கள். “நேத்தும் நான்தானே நின்னேன்” என்றான் அவன். முகம் வாடிப் போயிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். விளையாட்டு வகுப்பிலும் இதே காட்சியைத்தான் பார்த்திருக்கிறேன். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விட்டவனைத் திட்டுவார்கள். நான்கு பந்துகளைத் தடுத்தவனை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

அந்தச் சின்னப் பையனை அருகில் அழைத்து ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதை. உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

முன்னால் ஓடியவர் பின்னால் வந்தார்

அவர் பெயர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் கோல் கீப்பரே இல்லை! செகந்திராபாத்தில் உள்ளூர் அணிகளுக்கு ‘சென்டர் ஃபார்வர்டு’, அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவர். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். நம் நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இருக்கிறதல்லவா? அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடினார். அங்கேதான் கோல் கீப்பராக மாறினார்.

ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். அந்த அணி 1955-லும் 1958-லும் புகழ்பெற்ற டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் சென்ற இந்திய அணிகளில் தங்கராஜ் இருந்தார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கினார். முன்வரிசையிலிருந்து பின்னால் வந்தது அவருக்குத் தண்டனையாக இல்லை. அதுவே அவரை உயர்த்தியது!

ஜகார்த்தாவில் ஒரு மாலை

1962-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. கால்பந்து இறுதிப் போட்டியில் இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. மைதானம் நிறையக் கூட்டம். அதில் பெரும்பகுதி இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. நம் கோலைக் காத்து நின்றவர் தங்கராஜ்.

அந்த அணியில் ஜர்னைல் சிங் என்ற தடுப்பாட்டக்காரரும் இருந்தார். முந்தைய ஆட்டம் ஒன்றில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. வழக்கமாகப் பின்வரிசையில் நிற்கும் அவரை, அன்று முன்வரிசையில் ஆட விட்டார் பயிற்சியாளர். அவரும் ஒரு கோல் அடித்தார்! இன்னொரு கோல் பி.கே. பானர்ஜி அடித்தது. 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அந்தப் பயிற்சியாளர் யார் தெரியுமா? சையது அப்துல் ரஹீம். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்! இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மறு ஆண்டே, 1963-ல், புற்றுநோயால் அவர் காலமானார்.

1967-ல் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் கோல் கீப்பர் அவர்தான்.

கற்றதைக் கொடுத்தவர்

1971-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். புகழ் போதும் என்று வீட்டில் உட்காரவில்லை. பயிற்சியாளரானார். கோவாவில் வாஸ்கோ அணிக்கும், பிறகு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர்களுக்கும், அதன்பின் பொகாரோ உருக்காலை அணிக்கும் பயிற்சி தந்தார். 2008-ல் அவர் மறைந்தார்.

யோசித்துப் பாருங்கள். பயிற்சியாளரும் ஒரு வகையில் கோல் கீப்பர் மாதிரிதான். அவர் கோல் அடிப்பதில்லை. கைதட்டல் ஆடுகிறவர்களுக்குப் போய்விடும். தோற்றால் மட்டும் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்!

நீங்களே செய்து பாருங்கள்

கோல் காப்பது வெறும் தைரியம் அல்ல, அது ஒரு கணக்கு. கால்பந்து கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதை முழுவதும் மறைக்க முடியாது. பிறகு எப்படித் தடுப்பது?

இரண்டு செருப்புகளைக் கோல் கம்பமாக வையுங்கள். பத்தடி தள்ளிப் பந்தை வையுங்கள். பந்திலிருந்து இரண்டு செருப்புகளுக்கும் இரண்டு கயிறுகளை நீட்டுங்கள். ஒரு முக்கோணம் வருகிறதா? இப்போது செருப்புகளுக்கு நடுவே நில்லுங்கள். இரு பக்கமும் நிறைய இடைவெளி இருக்கும். பந்தை நோக்கி இரண்டு மூன்று அடி முன்னால் வாருங்கள். கயிறுகள் உங்கள் கைக்கு அருகே வந்துவிடும்! முன்னால் வரும்போது எதிராளிக்குக் கோல் சிறியதாகிவிடுகிறது. ஆனால் அதிகம் முன்னால் வந்தால் தலைக்கு மேலே தூக்கி அடித்துவிடுவான். எங்கே நிற்பது என்பது பழகப் பழகத்தான் வரும்.

இன்னொன்று. முழு மைதானமும் கண்ணெதிரே தெரிவது கோல் கீப்பருக்குத்தான். “இடது பக்கம் ஆள் வர்றான், பார்த்துக்கோ!” என்று அவர்தான் குரல் கொடுக்க வேண்டும்.

கடற்கரைப் பையன் என்ன ஆனான் என்கிறீர்களா? இரண்டு அடி முன்னால் வந்து நின்றான். வேகமாக வந்த ஒரு பந்தைத் தடுத்தான். அடுத்த பந்து அவன் தலைக்கு மேலே போய் கோல் ஆனது. அவன் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, “தாத்தா, ரொம்ப முன்னால வந்துட்டேனா?” என்று கேட்டான்.

தவறை அவனே கண்டுபிடித்துவிட்டான்! இனி அவனுக்குக் கோலி நிற்பது தண்டனை இல்லை, பாடம்.

குழந்தைகளே, அடுத்த முறை ஆடும்போது ஆளுக்குப் பத்து நிமிடம் மாறி மாறிக் கோலி நில்லுங்கள். உங்கள் அணிக்காகப் பந்தைத் தடுத்தவனின் தோளிலும் ஒரு தட்டுத் தட்டிக் கொடுங்கள். செய்வீர்கள்தானே?