எண்ணெய் வயல் பவுசர் சாரதிகள்: காத்திருக்கும் நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

அமெரிக்காவின் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, வடக்கு டகோட்டா மாநிலங்களில் உள்ள எண்ணெய் வயல்களில், குழாய்கள் போய்ச்சேராத கிணறுகளில் இருந்து மசகு எண்ணெயைப் பவுசர்களே ஏற்றிச் செல்கின்றன. கிணறு உடைக்கத் தேவையான தண்ணீரைக் கொண்டுவருவதும், எண்ணெயோடு வெளியேறும் உப்புக் கழிவுநீரை அகற்றுவதும் பவுசர்கள்தான். இந்தச் சாரதிகளுக்கு நல்ல சம்பளம் என்பது பொதுவான பேச்சு. அந்தச் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

லோட் கணக்கில் கூலி

பல நிறுவனங்கள் மணித்தியாலத்துக்கு அல்ல, லோட்டுக்கே பணம் கொடுக்கின்றன. உதாரணமாக, ஒரு லோட்டுக்கு 80 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 14 மணித்தியாலத்தில் நான்கு லோட் ஓடினால் 320 டொலர். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 23 டொலர். கிணற்றடியிலும் இறக்கும் இடத்திலும் வரிசை நீண்டு இரண்டு லோட் மட்டுமே ஓட முடிந்தால், அதே நாளின் பெறுமதி மணித்தியாலத்துக்கு 11 டொலராகச் சுருங்கிவிடும். சில நிறுவனங்கள் காத்திருப்புக்குத் தனிக் கொடுப்பனவு தருகின்றன. தராத இடத்தில் தாமதத்தின் நட்டம் சாரதியின் தலையில்தான்.

பவுசரைக் கடனுக்கு வாங்கி ஓடுபவரின் நிலை இன்னும் இறுக்கமானது. டீசல், டயர், காப்புறுதி எல்லாம் அவருடைய செலவு. காத்து நின்றாலும் தவணை கட்டியே ஆகவேண்டும்.

சட்டம் விட்ட இடைவெளி

அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கச் சொல்கிறது. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தில் ஓடும் கனரக வாகனச் சாரதிகளுக்கு அந்த மேலதிகநேரக் கொடுப்பனவு உரிமை பொதுவாக இல்லை.

ஓய்விலும் விதிவிலக்கு உண்டு. ஒரு சாரதி 10 மணித்தியால ஓய்வுக்குப் பின், வேலை தொடங்கிய 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலம் மட்டுமே ஓடலாம். எட்டு நாளில் 70 மணித்தியால வேலை முடிந்தால், கணக்கைப் புதிதாகத் தொடங்க மற்றவர்களுக்கு 34 மணித்தியாலத் தொடர் ஓய்வு வேண்டும். எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீரும் மணலும் ஏற்றுவோருக்கு 24 மணித்தியாலம் போதும் என்கிறது விதி. லோட் கூலியும் குறுகிய ஓய்வும் சேரும்போது, நித்திரைக் களைப்போடு வாகனம் ஓடுவது வழமையாகிறது. அமெரிக்க எண்ணெய், எரிவாயு அகழ்வுத் தொழிலாளர் மரணங்களில் வீதி விபத்தே முதன்மைக் காரணங்களில் ஒன்று.

தாங்கியின் மூடிக்கு மேலே

ஆபத்து வீதியில் மட்டும் இல்லை. எண்ணெய் ஏற்றுமுன் சாரதி சேமிப்புத் தாங்கியின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவு பார்த்து மாதிரி எடுக்கவேண்டும். திறந்த கணமே வெளிவரும் வாயு ஒட்சிசனைத் தள்ளிவிடும். ஆள் சில நொடிகளில் மயங்கி விழக்கூடும். 2010 முதல் 2014 வரை இப்படி அளவெடுத்த அல்லது மாதிரி எடுத்த 9 தொழிலாளர்கள் இறந்ததை அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பதிவு செய்துள்ளது. மூடியைத் திறக்காமலே அளவிடும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைப் பொருத்துவது கிணற்று முதலாளியின் செலவு.

விலை விழுந்தால்

2014 நடுப்பகுதியில் 100 டொலரைத் தாண்டி நின்ற ஒரு பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க மசகு எண்ணெய் முன்பேர விலை பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. கிணறு தோண்டுவது நின்றால் லோட் நிற்கும். லோட் நின்றால் கூலியும் நிற்கும்.

2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்றவர்கள் நாங்கள். அந்த எரிபொருள் கிணற்றில் இருந்து புறப்படும் இடத்திலும் ஒருவர் வரிசையில் காத்து நிற்கிறார். வெளிநாட்டுக்குச் சாரதியாகப் போக எண்ணும் எங்கள் இளைஞர்கள் சம்பளத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடக் கூடாது. கூலி மணித்தியாலத்துக்கா, லோட்டுக்கா? காத்திருப்புக்குக் காசு உண்டா? ஓய்வு எவ்வளவு? வாகனச் செலவு யாருடையது? விபத்துக்கு நட்டஈடு யார் தருவார்? இவற்றுக்கான பதில்கள் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கவேண்டும்.