குரங்கு செத்த சேதி

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டோரம் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் போனவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். முதலில் டைபாய்டு என்றுதான் நினைத்தார்கள். கூடவே குரங்கும் சாகிறது என்ற சேதி புனேயில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்துக்கு எட்டியதும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ? அதைப் பரப்பும் கொசு இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. நல்லவேளை, அதுவல்ல. சருகில் கிடக்கும் உண்ணி கடித்து வரும் புது நோய் அது. ஊர்க்காரர்கள் ‘மங்கன காயிலெ’ என்றார்கள், குரங்கு நோய்.

அன்று நோயை உறுதிசெய்ய, நோயாளியின் ரத்தத்தை எலிக்குட்டிகளுக்குச் செலுத்திவிட்டு, அவை சுருண்டு விழும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் வேலை பார்த்த பலருக்கே அந்தக் காய்ச்சல் தொற்றியது. இன்று அந்த வேலையைப் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் முடிக்கிறது. சோதிக்கும் வசதி சிமோகாவிலேயே இருக்கிறது.

ஆனால் சோதனைக்கு முந்தைய படி பெரிதாக மாறவில்லை. செத்த குரங்கை யாராவது கண்டு சொல்ல வேண்டும். சொன்னால் ஆள் வந்து மாதிரி எடுத்து, உடலை எரித்து, சுற்றிலும் ஐம்பது மீட்டருக்கு மருந்து தூவுவார்கள். உண்ணியைக் கணக்கெடுக்க இன்றும் காட்டுத் தரையில் ஃபிளானல் துணியை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். எனக்கென்னவோ, இத்தனை கருவிகளுக்கு நடுவே அந்தத் துணிமேல்தான் மரியாதை அதிகம்.

நோயும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2012 கடைசியில் பந்திப்பூரில் செத்த குரங்குகளை அப்புறப்படுத்திய வனத்துறை ஆட்களே காய்ச்சலில் விழுந்தார்கள். காவலுக்கு நின்றவர்களுக்குக் கையுறை கொடுக்க வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை போலும். அதே பருவத்தில் நம் நீலகிரிப் பக்கமும் குரங்குகளிடம் அந்த வைரஸ் தென்பட்டது. பிறகு வயநாடு, கோவா, மகாராஷ்டிரம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நேற்றே தேவலை. 1990களில் இருந்து போட்டுவந்த தடுப்பூசி, வீரியம் போதவில்லை என்று 2022இல் நிறுத்தப்பட்டது. புதியது ஆய்வில் இருக்கிறது. அதுவரை கைகாலில் தடவிக்கொள்ள உண்ணி விரட்டும் எண்ணெய் தருகிறார்கள். காட்டுக்குள் போகாதீர்கள் என்றும் சொல்கிறார்கள். நோய் தலைதூக்குவது டிசம்பர் முதல் மே வரை. காடு காய்ந்து, தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் சருகு அள்ளும் காலமும் அதுவே. ஊர்க்காரர்கள் போகாமல் எப்படி இருப்பார்கள்? குரங்கு செத்துக் கிடப்பதைப் பார்த்துச் சொல்லவும் அவர்களை விட்டால் ஆள் இல்லை.