வளைய மறுக்கும் விளிம்பு

வார்ப்பாலையில் உருவான ஓர் இரும்புப் பொருளை உற்று நோக்குவோமாயின், இரு முகங்கள் கூடும் இடம் கூராக இராமல் சிறிது வளைந்திருக்கக் காண்போம். இவ்வளைவை ஆங்கிலத்தில் ஃபில்லட் என்பர். நம் பட்டறைத் தொழிலாளர் ரேடியஸ் என்று சொல்லிவிடுவர். இஃது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. சுமை தாங்கும் உறுப்பின் உள்மூலை கூராக இருப்பின் தகைவு அங்கே குவியும். விரிசலும் அங்கேயே பிறக்கும். துளையின் முனை கூர்மையாகுந்தோறும் தகைவு பெருகும் என்பதை 1913-இல் இங்லிஸ் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞர் கணித வழியே காட்டினார். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு வானிலேயே சிதறின. அவற்றின் உடலில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலையருகே உலோகம் சோர்ந்து விரிசல் கண்டமை ஆராய்ச்சியில் வெளிப்பட்டது.

இக்காலத்தில் பொருளின் வடிவத்தை முதலிற் கணிப்பொறித் திரையில் அமைக்கிறோம். விளிம்பைத் தேர்ந்து, ஆரத்தைக் குறித்து, வளைவு இடுக எனப் பணிக்கிறோம். சில வேளைகளில் இயலாது என்னும் விடையே கிடைக்கிறது. காரணம் யாது?

இரு முகங்களையும் ஒருங்கே தொட்டவாறு ஒரு பந்து விளிம்பு நெடுக உருள்வதாகக் கொள்வோம். அது தொட்டுச் செல்லும் இரு கோடுகளுக்கு இடையே அமையும் பரப்பே வளைவு. பந்து தொடுவதற்கு எங்கேனும் இடமில்லாது போனால் கணக்கும் அங்கே நின்றுவிடும்.

6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு செங்குத்துத் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மேல்விளிம்புகள் இரண்டிற்கும் 2 மில்லிமீட்டர் ஆரம் தந்தால் நடுவே 2 மில்லிமீட்டர் தட்டையாக எஞ்சும். 3 தந்தால் நடுமுகமே மறைந்துவிடும். பல மென்பொருள்கள் இங்கே தடுமாறும். 3.5 தந்தால் இரு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டும். முழு அரைவட்டமே வேண்டுமெனின், அதற்கென உள்ள தனிக் கட்டளையைக் கையாளுதல் நன்று. இவ்வாறே, 4 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழிவில் 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள பந்து அமராது.

பழுதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் 0.1 மில்லிமீட்டர் போன்ற மிகச் சிறிய ஆரத்தைத் தந்து பார்க்க வேண்டும். அது நிறைவேறினால், குறை பெரும்பாலும் ஆரத்தின் அளவில் உள்ளது. படிப்படியாக ஏற்றி எல்லையைக் காணலாம். அதுவும் நிறைவேறாவிடின், குறை வடிவத்திலேயே இருத்தல் கூடும். கண்ணுக்குப் புலப்படாத துணுக்கு விளிம்போ, வேறொரு மென்பொருளிலிருந்து கொணர்ந்தபோது முகங்களிடையே நேர்ந்த இடைவெளியோ அங்கு மறைந்திருக்கலாம். அதனைச் செப்பனிட்ட பின்னரே வளைவை நாட வேண்டும். பல விளிம்புகளை ஒருங்கே தேர்ந்திருந்தால், ஒவ்வொன்றாக முயன்று குறையுள்ளதைத் தனியே பிரித்தறியலாம்.

வரிசைமுறையும் முக்கியமானது. மூன்று விளிம்புகள் கூடும் மூலையில் பெரிய ஆரத்தை முன்னரும் சிறியதைப் பின்னரும் இடுதல் பொதுவாகப் பயன் தரும். வார்ப்புக்குரிய சாய்வை முகங்களுக்கு முதலில் அளித்துவிட்டு, வளைவுகளை இறுதிக்கு ஒதுக்கி வைப்பது நலம்.

எல்லா முயற்சியும் தோற்றபின், இம்மூலை கூராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட மனம் விழையும். அங்கேதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அம்மூலை சுமை தாங்குவதாயின், தகட்டின் தடிப்பைக் கூட்டியோ குழிவை அகலமாக்கியோ வளைவுக்கு இடம் தேடுவதே கடமை. பந்து புகாத உட்குழிவில் அதே ஆரமுள்ள வெட்டுளியும் புகாது. ஆகவே, கணிப்பொறியின் மறுப்பைத் தொல்லை எனத் தள்ளாமல், பட்டறை நமக்கு முன்கூட்டியே அனுப்பிய எச்சரிக்கையாகக் கொள்வோமாக.