காய்கறி அரிவதற்கு ஏற்ற கத்தியைத் தெரிந்தெடுத்தல்

1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிலே பண்ணையொன்றை அமைக்கக் கருதித் தம் நாட்டிலிருந்து குடியேறுவோர் சிலரைக் கப்பலேற்றி வரவழைத்தார். அச்சிறு கூட்டத்திலே கொல்லன் ஒருவனும் இருந்தான். மண்ணைத் திருத்துவதற்கு முன்னரே இரும்பைத் தீட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று அதே மலைச்சரிவுகளில் லீக்ஸ், கரட், கோவா, பீற்றூட், போஞ்சி முதலியன விளைகின்றன. விதைக்கும் பசளைக்கும் தோட்டக்காரர் எவ்வளவோ விசாரித்துப் பணஞ் செலவிடுகின்றனர். விளைந்ததை அரியும் கத்தியையோ சந்தையிலே கைக்கு அகப்பட்டபடி எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர்.

இது சிறு விடயமன்று. தோட்டத்துப் பெண் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்பொழுது வெளிச்சம் குன்றிவிடுகிறது. புகை சூழ்ந்த அடுப்பங்கரையில், விரைந்து சமைக்க வேண்டிய வேளையில், மழுங்கிய கத்தியால் அவள் கோவாவை அரிகிறாள். கத்தி இறங்காதபடியால் கையை அழுத்துகிறாள். அழுத்திய கத்தி வழுக்கி விரலிற் பாய்கிறது. கூரிய கத்தியே கையை வெட்டும் என்று பலர் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. கூரிய கத்தி சிறு விசைக்கும் பணிந்து, வைத்த இடத்திலேயே இறங்கும். மழுங்கியதோ எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. கொழுந்து பறிப்பதற்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் வேண்டும். அவற்றிலொன்று காயப்பட்டால் மறுநாட் கொழுந்து குறையும். அரைப்பேர் விழுந்தாலும் விழலாம். ஒரு நாட் சம்பளத்தோடு ஒப்பிட்டால் நல்ல கத்தியின் விலை அதிகமென்று தோன்றாது.

இதில் வியப்பு யாதெனில், அதே லயத்திலே கவ்வாத்துக் கத்தி தீட்டுவதில் தேர்ந்தவர் ஒருவர் இருப்பார். தேயிலைச் செடியின் வெட்டுவாய் பிளவுபட்டால் அவ்விடத்தில் நோய் பற்றும் என்பதனால் அவர் கல்லை அருகில் வைத்துக்கொண்டு அடிக்கடி தீட்டியே கவ்வாத்து வெட்டுவார். அவர் வீட்டு அடுப்படிக் கத்தியை எடுத்துப் பார்த்தால் அது கருணைக்கிழங்கைக்கூட வெட்டாது! ஞாயிற்றுக்கிழமையிலே கால்மணி நேரத்தை அவர் அந்தக் கத்திக்கும் கொடுப்பாராயின் வீட்டாருக்கு அது பேருதவியாகும். ஆனால், கவ்வாத்துக் கத்தியையே சமையலுக்கு எடுத்தல் ஆகாது. அதன் வளைவும் கனமும் மரத்துக்கு ஏற்றவை. தேங்காய் பிளக்கும் மன்னாக் கத்தியும் அப்படியே.

கத்தியின் உலோகம் இரண்டு வகையினது. முதலாவது, கொல்லர் அடிக்கும் கரியுருக்கு. இது நூற்றில் முக்காற் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி சேர்ந்திருந்தால் நன்கு வன்மை பெறும். பழைய லொறிகளின் வில்லுத்தகட்டிலிருந்து அடிக்கப்பட்ட கத்திகள் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. இது எளிதிற் கூர் ஏறும். ஆனால் எளிதிற் துருவும் பிடிக்கும். வாழைக்காய், கத்தரிக்காய் முதலியவற்றை வெட்டினால் அலகும் காயும் கறுக்கும். அக்கறுப்பு அக்காய்களிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதனால் உண்டாவது, நஞ்சன்று. இரண்டாவது துருவேறா உருக்கு. 1913இல் செபீல்ட் நகரில் ஹரி பிறேயளி என்பவர் செய்தளித்த இவ்வகையில் குரோமியம் கலந்திருக்கும். நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாத குரோமியம் அலகின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. நுவரெலியாவின் ஈரக் காற்றுக்கு இது பெரிதும் பொருந்தும். ஆயினும் மலிவான துருவேறாக் கத்திகளிற் பல மென்மையானவை. இரண்டு நாளில் கூர் மடிந்துவிடும்; தீட்டினாலும் நில்லாது. நாள்தோறும் துடைத்து வைக்கும் பழக்கமுள்ள வீட்டுக்குக் கரியுருக்கே சிறந்தது. அப்பழக்கமில்லாத வீட்டுக்கு நடுத்தர விலையுள்ள துருவேறா உருக்கு போதும்.

கடையிலே கத்தியை எடுத்தவுடன் பளபளப்பைப் பார்த்தல் வேண்டா. முதலில் முதுகை மேலே வைத்து நேர்கோடாக நோக்குக. அலகு முறுகியிருந்தால் அதை விட்டுவிடுக. பின்னர் அலகின் தடிப்பைப் பார்க்க வேண்டும். அநேகர் கனத்த கத்தி நெடுநாள் உழைக்கும் என்று வாங்குவர். கரட்டை வெட்டும்பொழுது இதன் குற்றம் தெரியும்: தடித்த அலகு ஆப்பைப்போல் இறங்கிக் கரட்டை வெட்டாமற் பிளக்கும், துண்டுகள் தெறித்தோடும். மெல்லிய அலகோ ஓசையின்றி இறங்கும். லீக்ஸை மெல்லியதாய் அரிவதற்கும் மல்லுங்கிற்குக் கீரை அரிவதற்கும் மெல்லலகே வேண்டும். முழுக் கோவாவை இரண்டாக்குவதற்கு ஏழு அல்லது எட்டு அங்குல நீளம் தேவை. அதைவிடக் குறுகிய கத்தியைக் கொண்டு சுற்றிச் சுற்றி வெட்டுபவரே கையைக் காயப்படுத்துகின்றனர். போஞ்சிக்கும் வெங்காயத்துக்கும் நான்கு அங்குலக் கத்தி போதும். ஆகவே ஒரு குடும்பத்துக்குப் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு கத்திகள் இருந்தாற் குறைவில்லை. அலகின் அடி, விரற்கணுக்கள் பலகையில் இடியாதபடி ஓரளவு அகன்றிருக்க வேண்டும்.

பிடியை அசைத்துப் பார்க்கவேண்டும். அலகின் வால் பிடியின் கடைசிவரை சென்று ஆணியால் இறுக்கப்பட்டிருப்பது நெடுநாள் நிற்கும். பிடிக்குள்ளே சிறிதளவே நுழைந்திருப்பது, கோவாத் தண்டை அழுத்தும் அன்று கழன்றுவிடும். ஈரக் கையில் வழுக்கும் வழுவழுப்பான பிடியையும் தவிர்த்தல் நன்று.

எவ்வளவு நல்ல கத்தியும் தீட்டாவிட்டால் தகரந்தான். கூரைச் சோதிக்க விரலை ஓட்ட வேண்டுவதில்லை. விளிம்பை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்க்க, மழுங்கிய இடம் வெள்ளிக் கோடாக மின்னும். கூரிய விளிம்பு மின்னாது. பழுத்த தக்காளித் தோலை அழுத்தாமல் வெட்டுமாயின் அன்றைக்குத் தீட்ட வேண்டுவதில்லை. தீட்டும்பொழுது கல்லை நனைத்து, ஈரச்சாக்கின்மேல் அசையாமல் வைக்க வேண்டும். ஒன்றரை அங்குல அகலமுள்ள அலகாயின், அதன் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய அரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும். அவ்வுயரம் மாறாமல் அடியிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். மறுபுறத்தில் மெல்லிய பிசிறு கைக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தையே தீட்டி, பின்னரே திருப்புதல் வேண்டும். பிசிறு தோன்றுமுன் திருப்பித் திருப்பித் தேய்ப்பதனாலேயே பலர் அரைமணி நேரம் உழைத்தும் கூர் காண்பதில்லை. இறுதியில் இரு பக்கமும் மாறி மாறி மெதுவாக இழுத்துப் பிசிறை நீக்குக. தெருவிலே சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அடிக்கடி நீரில் நனைக்கும்படி கேட்டுக்கொள்க. சக்கரச் சூட்டில் அலகு நீலநிறமடைந்தால் அவ்விடத்தின் வன்மை போய்விட்டது என்பது பொருள்.

அரிவதற்கு மரப்பலகையே ஏற்றது. கருங்கல்லும் பீங்கானும் விளிம்பை மடிக்கும். வேலை முடிந்ததும் கழுவி, உலரத் துடைத்து, கரியுருக்குக் கத்தியாயின் ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசுக. பிள்ளைகள் எட்டாத உயரத்தில் வைப்பதைச் சொல்லவேண்டியதில்லை.

உருளைக்கிழங்கு பயிரிடுவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விதைக்கிழங்கைத் துண்டாக்கச் சமையற் கத்தியை எடுத்துச் சென்று, பின்னர் அதனையே அடுப்படிக்குக் கொண்டுவரும் வழக்கம் தீயது. பற்றீரியா வாடல் நோயுள்ள ஒரு கிழங்கை வெட்டிய கத்தி, அடுத்து வெட்டும் நல்ல கிழங்குகளுக்கும் அந்நோயைக் கொண்டுசெல்லும். நோயுள்ள கிழங்கை வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே கபில நிற வளையம் தோன்றும். அழுத்தினால் வெண்மையான பசை கசியும். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிலே அசையாமல் தொங்கவிட்டால், பால் போன்ற இழைகள் கீழே இறங்குவதைக் காணலாம். இக்கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கித் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றையும் தாக்கும். நோய் வந்தபின் மருந்தடித்து அதனைப் போக்க இயலாது. ஒரு கத்தியின் கவனக்குறைவால் ஒரு பாத்தி மட்டுமன்று, பின்வரும் போகங்களும் கெடலாம்.

ஆதலின் கூடியவரை சிறிய முழுக்கிழங்குகளையே நடுதல் நன்று. வெட்டியே ஆகவேண்டுமாயின் அதற்கென இரண்டு கத்திகளை ஒதுக்குக. சலவைக்குப் பயன்படும் வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, ஒரு கத்தி அதில் ஊறும்பொழுது மற்றதனால் வெட்டி, ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியை மாற்றவேண்டும். மண் சேர்ந்து கலங்கிய கரைசல் வலுவிழந்துவிடுமாதலின் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலத்தல் வேண்டும். இத்திரவம் இரும்பை அரிக்கும். ஆகையால் வேலை முடிந்தவுடன் இரு கத்திகளையும் நல்ல நீரில் அலசி, உலரத் துடைத்து, எண்ணெய் பூசி, சமையற் கத்திகளோடு சேராதபடி தனியே வைக்க வேண்டும்.