நிழலை அளந்துவிட்டு விதை போடுங்கள்

தம்பி தங்கைகளே, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. விடியற்காலையில் இன்னும் பனி இறங்குகிறது. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று உறைக்கிறது. முன்பனி முடிந்து பின்பனி தொடங்கும் இந்த நாட்கள் வீட்டில் காய்கறித் தோட்டம் போடத் தோதானவை. ஆடிப்பட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் போலவே தைப்பட்டம் என்று ஒரு விதைப்புக் காலமும் நம் உழவர்களுக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டதால் விதை அழுகாது. கோடை இன்னும் வராததால் முளை கருகாது. பகல் பொழுதும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டு வருகிறது.

ஆனால் இன்று விதைக்கிற செடி இன்றைய வெயிலில் காய்க்கப்போவதில்லை. அது பூத்துக் காய்க்கும்போது பங்குனி வந்துவிடும், சித்திரையும் வந்துவிடும். மாசி மாதத்து இதமான காற்றை நம்பித் தோட்டம் போட்டுவிட்டு, ஏப்ரலில் செடி வாடுகிறதே என்று கவலைப்படுகிற வீடுகள் நிறைய. அதனால் வரப்போகும் வெயிலுக்கு இப்போதே கணக்குப் போட வேண்டும்.

முதல் கணக்கு நிழல். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கோ கொல்லைப்புறத்துக்கோ போங்கள். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என்று ஒரு விடுமுறை நாளில் மூன்று முறை, சுவரின் நிழல் எங்கே முடிகிறது என்று தரையில் கோடு போடுங்கள். காய் காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அப்படிப்பட்ட இடம் எது என்று கோடுகளே காட்டிவிடும்.

அந்தக் கோடு அங்கேயே நிற்கப்போவதும் இல்லை. பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் டிசம்பர் 21-ஐ ஒட்டி மகர ரேகைக்கு நேர்மேலே இருக்கும் சூரியன், பிறகு மெல்ல வடக்கு நோக்கி வருவதாக நமக்குத் தெரிகிறது. மாடியின் தெற்குப் பக்கம் 3 அடி உயரக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது என்று வையுங்கள். சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் அதன் நிழல் 2 அடிக்குச் சற்று மேல் நீளும். பிப்ரவரி நடுவில் ஏறக்குறைய ஒன்றரை அடி. மார்ச் 21-இல் 8 அங்குலம்தான். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும். அன்று நண்பகலில் நிழலே விழாது. கன்னியாகுமரி இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே இந்த நிழலில்லா நாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும்.

ஆகவே, தெற்குச் சுவரோரம் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மாசியில் கீரைத் தொட்டியை அங்கே வைத்தால், சித்திரையில் அது நடு வெயிலில் நிற்கும். மேற்குப் பக்கத்தைப் பாருங்கள். மேற்கே ஒரு சுவரோ, தண்ணீர்த் தொட்டியோ, வேப்பமரமோ இருந்தால் அது எல்லா மாதமும் பிற்பகலில் நிழல் தரும். செடியை வாட்டுவது பிற்பகல் வெயில்தான். நாற்றுகளையும் வெயில் தாங்காத கீரைகளையும் அந்தப் பக்கம் வையுங்கள். வெண்டை, கொத்தவரையை வெட்டவெளியில் விடுங்கள்.

வெண்டையை ஏன் வெட்டவெளியில் விடலாம்? இங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. தக்காளியின் மூதாதை தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத் தொடரை ஒட்டிய பகுதிகளைச் சேர்ந்தது. பகல் வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. செடி பச்சைப் பசேலென்று நிற்கும், பூவும் பூக்கும், ஆனால் பூக்கள் காயாகாமல் உதிரும். பிப்ரவரி 10-ஆம் தேதி தக்காளி விதையைப் போட்டால், நாற்றாகி நட 25 நாள், நட்டபின் பூக்க இன்னும் 25, 30 நாள் ஆகும். கூட்டிப் பாருங்கள், ஏப்ரல் தொடக்கம் வந்துவிடுகிறது. சமவெளியில் அப்போது இரவும் புழுங்கத் தொடங்கிவிடும். அதனால் இப்போது தக்காளியை விதையிலிருந்து தொடங்குவதை நான் சொல்லமாட்டேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அவர்கள் கேரட், முட்டைக்கோஸ்கூடப் போடலாம். நம் சமவெளியில் அவற்றின் காலம் முடிந்துவிட்டது.

வெண்டை வெப்பத்துக்குப் பிறந்த செடி. பிப்ரவரி 10-இல் விதைத்தால் நாலு முதல் ஏழு நாளில் முளை தெரியும். சுமார் 40 நாளில் மஞ்சள் பூ விரியும். பூ விரிந்த ஒரு வாரத்துக்குள் காய் பறிக்கலாம். மார்ச் கடைசியில் தொடங்கி, ஒன்று விட்டு ஒரு நாள் பறித்துக்கொண்டே இருக்கலாம். முழு ஆண்டுத் தேர்வு நடக்கும் நாட்களிலும் அதற்குப் பெரிய கவனிப்பு தேவையில்லை, தண்ணீர் மட்டும் தவறக்கூடாது. கொத்தவரை, காராமணி, பாகல், புடலை, பீர்க்கு எல்லாம் இந்தப் பட்டத்துக்கு ஏற்றவையே. கொடிகளுக்குப் பந்தல் வேண்டும், அவ்வளவுதான்.

தண்டுக்கீரையின் கதை இன்னும் சுவையானது. இலைகள் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உணவு செய்கின்றன. அதைப் பிடிக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. வெப்பம் ஏற ஏற ரூபிஸ்கோ தடுமாறி, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யச் செடி தன் ஆற்றலைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. தண்டுக்கீரை இலையில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை முதலில் வேறொரு நொதி பிடித்து, உள்ளே இருக்கும் செல்களில் கொண்டுபோய்க் குவிக்கும். அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றி கார்பன் டை ஆக்சைடே மிகுந்திருப்பதால் தடுமாற்றம் வெகுவாகக் குறைகிறது. இத்தகைய தாவரங்களை சி4 தாவரங்கள் என்கிறார்கள். பொங்கலுக்கு நீங்கள் கடித்த கரும்பும் இந்த வகைதான், மக்காச்சோளமும் இந்த வகைதான். கோடை வெயிலில் மற்றச் செடிகள் சோர்ந்து நிற்கும்போது தண்டுக்கீரை விறுவிறுவென்று வளர்வதற்கு இதுவே காரணம்.

இனி மண். கடைகளில் குரோ பேக் என்று கேட்டால் செடி வளர்க்கும் பை தருவார்கள். வெளிப்புறம் வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், வேர்ப்பகுதி கொதிக்காது. பையில் நிரப்ப இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய மாட்டுச் சாணம், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவு பஞ்சைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதில் உப்பு இருக்கும், நாலைந்து முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். வெறும் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் 20 லிட்டர் பை ஒன்று ஈரத்தில் 30 கிலோவைத் தாண்டிவிடும். மாடி தாங்குமா, எந்த இடத்தில் வைக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத்தான் பைகளை அடுக்க வேண்டும்.

மண் கலந்த அன்றே விதை போடவேண்டாம். ஈரப்படுத்தி, 10 அல்லது 15 நாள் நிழலில் வையுங்கள். அந்த நாட்களில் உள்ளே பெரிய வேலை நடக்கிறது. சாணத்திலும் புண்ணாக்கிலும் இருக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் புரதமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அப்படியே இருந்தால் வேருக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. மண்ணில் உள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதை உடைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகின்றன. யூரியா போடும்போது நாம் நேராகச் செடிக்கு ஊட்டுகிறோம். இயற்கைத் தோட்டத்தில் மண்ணில் வாழும் உயிர்களுக்கு ஊட்டுகிறோம், அவை செடிக்கு ஊட்டுகின்றன. இந்த உயிர்களுக்கு ஈரமும் இளஞ்சூடும் வேண்டும். பின்பனிக் காலத்துப் பகல் வெப்பம் அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது.

இந்த அறிவு நம் உழவர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1905-இல் இந்தியா வந்தார். உழவர்களையும் பூச்சிகளையும் தம் பேராசிரியர்களாகவே கருதியவர் அவர். இந்தூரில் 1924 முதல் 1931 வரை வேலை செய்து, வயல் கழிவுகளையும் சாணத்தையும் அடுக்கி மக்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. நம் காலத்தில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் இதையே சொன்னார். நீங்களும் இன்றே ஒரு மண்தொட்டியில் காய்கறித் தோலும் சருகும் மாறி மாறிப் போடத் தொடங்குங்கள். ஈரமான கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு. சருகு குறைந்தால் நாற்றம் வரும். இந்தப் பட்டத்துக்கு அந்த உரம் ஆயத்தமாகாது, ஆடிப்பட்டத்துக்குக் கட்டாயம் உதவும்.

விதை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டில் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியதுபோல் இருந்தால், அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியிருக்கிறார்கள் என்று பொருள். அது நம் இயற்கைத் தோட்டத்துக்கு வேண்டாம், கையாலும் தொடவேண்டாம். நல்ல விதையா என்று பார்க்க, பத்து விதையை ஈரத் துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரத்தில் எட்டு முளைத்தால் நம்பி விதைக்கலாம். வெண்டை விதையை முதல் நாள் இரவே ஊறவைத்தால், கெட்டியான தோல் இளகித் தண்ணீர் உள்ளே போகும். நொதிகள் விழித்துக்கொண்டு, சேமித்து வைத்த உணவைக் கரைத்து முளைக்கு அனுப்பும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றுங்கள். அதற்கு மேல் ஆழம் போனால், வெளிச்சத்தைத் தொடும் முன்பே அந்த உணவு தீர்ந்துவிடும். கீரை விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து மேலே தூவினால் போதும்.

காராமணிச் செடி ஒன்றைப் பூக்கும் பருவத்தில் மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். ரைசோபியம் என்ற பாக்டீரியா அங்கே குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்.

பூச்சி வந்தால் பதற வேண்டாம். இளந்தளிரின் அடியில் அசுவினி கூட்டமாக ஒட்டியிருந்தால், பக்கத்தில் எறும்பு ஊர்கிறதா என்று பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும். பொறிவண்டு வந்தால் விரட்டாதீர்கள், அது அசுவினியைத் தின்று தீர்க்கும். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து பெரியவர்கள் துணையோடு தெளியுங்கள். சூடான் நாட்டில் 1959-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியபோது, வேப்பமரங்களை மட்டும் தின்னாமல் விட்டதை ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிஹ் ஷ்முட்டரர் கண்டார். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளைத் தின்னவிடாமல் செய்கிறது, தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. வெயில் பட்டால் அது சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பதே சரி. தேனீக்களும் அதற்குள் கூடு திரும்பியிருக்கும்.

பங்குனி பிறந்ததும் மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகைப் பரப்புங்கள். இதை மூடாக்கு என்பார்கள். இதன் பலனை நீங்களே அளக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு சிறு தொட்டிகளில் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். ஒன்றில் மட்டும் சருகு. காலையும் மாலையும் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். எந்தத் தொட்டி எவ்வளவு எடை இழந்ததோ, பெரும்பாலும் அவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது.

வெண்டை காய்த்துக் குலுங்கும்போது, நல்ல செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விடுங்கள். அவை செடியிலேயே முற்றிக் காய்ந்து வெடிக்கிற பதத்துக்கு வந்ததும் விதையை எடுத்துக் காயவைத்து, சாம்பலில் புரட்டி, ஒரு டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி மூடி வையுங்கள். ஆடிப்பட்டத்துக்கு அந்த விதையே போதும். வீரிய ஒட்டுரக விதையில் இது சரிவராது, அடுத்த தலைமுறைச் செடிகள் தாயைப் போல இருக்காது. அதனால் இப்போது கடைக்குப் போகும்போதே நாட்டு வெண்டை விதை என்று கேட்டு வாங்குங்கள்.