படத்திலிருந்து காணாமல் போன கடிகாரம்: பழங்குடிகளை ‘மறையும் இனம்’ ஆக்கியது கேமராவா?

கூடாரத்துக்குள் ஒரு தந்தையும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பீகன் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். 1910-ல் இந்தப் படம் எடுக்கப்பட்டபோது இருவருக்கும் நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அடுத்த வருடம் புத்தகத்தில் அச்சானபோது அது இல்லை. அழித்துவிட்டார்கள். ஃபோட்டோஷாப் வருவதற்கு ஏறத்தாழ 80 வருஷம் முன்பே!

எடுத்தவர் எட்வர்ட் கர்டிஸ், சியாட்டிலில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். வங்கி முதலாளி ஜே.பி. மோர்கன் 1906-ல் 75,000 டாலர் தர ஒப்புக்கொள்ள, கர்டிஸ் பழங்குடிகளைத் தேடிக் கிளம்பினார். 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகள் வந்தன. 80-க்கும் மேற்பட்ட இனங்கள், சுமார் 40,000 படங்கள்.

சரி, கடிகாரம் என்ன பாவம் செய்தது? கர்டிஸுக்கு வேண்டியது வெள்ளைக்காரன் நிழல் படாத ‘அசல்’ இந்தியர். கடையில் வாங்கிய கடிகாரம் அந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. சில இடங்களில் பழைய உடையை மாட்டச் சொல்லி, கைவிட்ட சடங்கைக் காசு கொடுத்துத் திரும்பச் செய்யச் சொல்லியும் எடுத்திருக்கிறார்.

படத்தில் வராத விஷயம்தான் பெரிசு. சூரிய நடனம் போன்ற சடங்குகளுக்கு 1883-லேயே அமெரிக்க அரசு தடை போட்டுவிட்டது. பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோய் முடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. மரபு தானாக மறையவில்லை, மறைக்கப்பட்டது. கர்டிஸின் படங்களில் அதைச் செய்தவர்கள் யாருமே இல்லை. அந்தி வெளிச்சம்தான் இருக்கிறது.

அதற்காக அவரைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. மெழுகு உருளைகளில் அவர் பதிவுசெய்த பாட்டும் பேச்சும் சுமார் 10,000. கொள்ளுத்தாத்தாவின் முகத்தை அவருடைய படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தவர்களும் உண்டு.

இது பழங்கதை என்று நினைத்தால், 2013-ல் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜிம்மி நெல்சன் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பைப் பாருங்கள்: ‘பிஃபோர் தே பாஸ் அவே’. அவர்கள் மறைவதற்கு முன்னால் என்று அர்த்தம். படங்கள் அள்ளும் அழகு. ஆனால் மேற்குப் பாப்புவா தலைவர் பென்னி வெண்டா கொதித்துப்போனார். எங்கள் மக்கள் வலுவாகத்தான் இருக்கிறார்கள், விடுதலைக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். நிலத்தைப் பறிப்பவர்களைச் சொல்லாமல் ‘மறைகிறார்கள்’ என்பது ஏமாற்று என்று சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பும் சாடியது.

கர்டிஸின் அதே வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வந்தவர் மட்டிகா வில்பர். அவரே பழங்குடிப் பெண். அரசு அப்போது அங்கீகரித்திருந்த 562 இனங்களையும் படமெடுப்பது என்று 2012-ல் கிளம்பினார். எங்கே நிற்பது, எப்படி நிற்பது என்பதைப் படத்தில் இருப்பவரே முடிவு செய்வார். 2023-ல் புத்தகம் வந்தது.

இந்தியாவில் சில இடங்களில் கேமராவுக்கே அனுமதி இல்லை. அந்தமான் ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவித்தான் ட்ரங்க் ரோடு போகிறது. உணவுக்காக ஜாரவா பெண்களை ஆடவைத்த வீடியோ 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. அதே வருடம், அவர்களுக்கான 1956-ம் ஆண்டு பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அந்தச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. ஜாரவாக்களைப் போனில் படமெடுத்தால் சிறைக்குப் போக நேரும்.