பனிக்குள் மறைந்திருக்கும் ஆபத்து

புத்தளத்து உப்பளங்களில் குவிந்திருக்கும் வெண்ணிற உப்பைப் பார்த்து வளர்ந்த நாம், பனி மூடிய மலைகளைப் படங்களில் மட்டுமே கண்டிருக்கிறோம். ஆயினும் பனிச்சரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொள்ள நம்மூர்க் கல்லுப்பே போதும்.

மலைச்சரிவில் ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு படையாகப் படிகிறது. நிலத்தை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 பாகை செல்சியஸில் இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் கிடக்கும். இந்த வேறுபாட்டால் நீராவி அடியிலிருந்து மேல்நோக்கி நகர்ந்து, நுண்ணிய பனித்துகள்களைக் கூரிய, பெரிய பளிங்குகளாக மாற்றுகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. உலர்ந்த கல்லுப்பை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், கையை விரித்ததும் உதிர்ந்துவிடுகிறதல்லவா? அதுபோலத்தான்.

இந்தப் பலவீனமான படையின் மேல் புதுப்பனி விழுந்து, காற்றால் அழுத்தப்பட்டுப் பலகைபோல் இறுகுகிறது. பார்ப்பவருக்கு எல்லாம் உறுதியாகவே தோன்றும். ஆனால் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில், ஒரு மனிதரின் பாரமே உள்ளிருக்கும் படையை நொறுக்கப் போதுமானது. வெடிப்பு நொடியில் பரவ, பலகை முழுவதும் சரிந்துவிடும். மலையேறிகளைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவற்றை அவர்களோ உடன் சென்றவர்களோதான் தூண்டுகிறார்கள்.

2022 ஒக்டோபர் 4ஆம் திகதி, இந்தியாவின் உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ள திரௌபதி கா தண்டா சிகரத்தில், நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழுவொன்று பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணாமற்போயினர். இறந்தவர்களுள் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட், மக்காலு ஆகிய இரு சிகரங்களையும் 16 நாட்களுக்குள் எட்டியவர் அவர். எத்தனை திறமை இருந்தாலும் பனிக்கு ஆளைத் தெரியாது.

எனினும் மலை பல வேளைகளில் முன்னறிவிப்புத் தருகிறது. அருகில் அண்மையில் நிகழ்ந்த சரிவு, காலடியில் ஓடும் வெடிப்பு, பனிக்குள் எழும் 'தொம்' என்ற ஓசை, கடும் பனிப்பொழிவு, திடீர் வெப்பம் ஆகியன அபாய அறிகுறிகள். கண்டதும் திரும்பிவிட வேண்டும். புதையுண்டவரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பின்னர் அது வேகமாகக் குறையும்.

நம் நாட்டில் பனி இல்லை. ஆனால் சரியும் மலைகள் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் மழையில் ஊறிய மண் சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மலையேறி அறிகுறியைக் கண்டால் திரும்பி வீட்டுக்குப் போகலாம். சரிவிலேயே வீடு இருப்பவர் எங்கே போவார்? எச்சரிக்கையோடு பாதுகாப்பான ஓர் இடமும் கொடுக்கப்பட்டால்தான் அது உயிரைக் காக்கும்.